வீட்டைப் பார்க்க வருவார்கள்

எனக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள். இரண்டு பேர் என் நாத்தனார் பிரசவத்தில் போனபோது விட்டுப்போன பிள்ளைகள். ஏழு பேரும் இன்றைக்குக் குடும்பம் குட்டியோடு இருக்கிறார்கள், யாரும் பட்டினியால் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு ஒருவரும் உச்சுக்கொட்ட வேண்டாம். பாவம் பார்க்கிறவர்களிடம் நான் பட்டது போதும்.

என் வீட்டுக்காரருக்கு மலாக்கா ஆற்றில் தொங்கான் வேலை. கப்பல் கடலில் தூரத்தில் நிற்கும். தொங்கான் என்கிற பெரிய படகு போய் அங்கிருந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் வரும். அதை முதுகில் தூக்கிக் கிட்டங்கியில் அடுக்க வேண்டும். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பலகையில் நடக்கும்போது அவர் பாட்டுப் பாடுவார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம், மழை பெய்த ஒரு காலையில், அந்தப் பலகை வழுக்கிவிட்டது. மனிதர் படகின் விளிம்பில் விழுந்தார். அவர் மேல் மூட்டை விழுந்தது. இடுப்புக்குக் கீழே அதன் பிறகு உயிர் இல்லை.

முதலாளி கொஞ்சம் பணத்தை ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். ஆஸ்பத்திரி, வைத்தியர், எண்ணெய் என்று அலைந்ததில் அது கரைந்தது. பிறகு யாரோ சொன்னார்கள், கை கால் விழுந்தவர்களுக்கு மாதாமாதம் அரசாங்கம் உதவிப்பணம் தருகிறது, ஆபீசுக்குப் போய்க் கேள் என்று. போனேன். பல தடவை போனேன். கடைசியில் மாதம் இருபது வெள்ளி என்று ஆனது.

அங்கே கணக்கு எழுதுகிற கிராணி ஒருவன் இருந்தான். என் பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கினான். "எனக்குக் கையெழுத்து வரும்" என்றேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்தவள் நான். என் பெயரை எழுதத் தெரியும்.

"கைநாட்டே போதும்மா. நேரமாவுது" என்றான்.

கடைசி வரை கைநாட்டுத்தான் வாங்கினார்கள். ஒரு மாதம்கூட என்னைக் கையெழுத்துப் போட விட்டதில்லை.

இருபது வெள்ளி அந்தக் காலத்தில் பெரிய பணம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டுக்கு வாடகை அதில் பாதியைத் தின்றுவிடும். மிச்சத்தில் ஒன்பது வயிறு. அரிசிக் கடைச் சீனர் நல்லவர், பத்து நாளுக்குப் பற்று வைத்துக் கொடுப்பார். பதினோராம் நாள் என் தலை தெருவில் தெரிந்தால் உள்ளே போய்விடுவார். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். அவருக்கும் எனக்கும் ஒரே சங்கடம். மாதக் கடைசியில் மரவள்ளிக் கிழங்குதான். காலையில் அவித்தது, மத்தியானம் துருவிச் சுட்டது, ராத்திரி அதையே குழம்பில் போட்டது. படுத்தே கிடக்கிறவருக்கு முதுகில் புண் வரும். அதற்குத் தடவும் எண்ணெய் வாங்கினால் மண்ணெண்ணெய் இல்லை. மண்ணெண்ணெய் வாங்கினால் அவருக்குப் புண்.

நான் சும்மா இருக்கவில்லை. நான்கு வீடுகளுக்கு மசாலா அரைத்துக் கொடுத்தேன். அதற்கும் அந்தக் கிராணி, "சம்பாத்தியம் இருக்குன்னு தெரிஞ்சா இதுல கழிச்சிடுவாங்க, பாத்துக்குங்க" என்றான். வேலை செய்தால் கழிப்பார்களாம். வேலை செய்யாமல் அந்த இருபது வெள்ளியை வைத்துக்கொண்டு ஒன்பது பேர் இருந்து காட்ட வேண்டுமாம். இந்தச் சட்டத்தை எழுதின மகாராசன் ஒரு மாதம் என் வீட்டில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஒரு நாள் ஆபீசிலிருந்து சொல்லியனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை ஓர் ஐயா வீட்டைப் பார்க்க வருவார் என்று.

எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டுக்கு ஒருவர் வருகிறார்.

நான் அன்றைக்கே வீட்டை அலசினேன். ஐயா வந்து எங்கே உட்காருவார் என்று பார்த்தால் எங்களிடம் ஒரு பாயும் ஒரு முக்காலியும்தான். பக்கத்தில் கம்போங் செட்டியில் ஓர் அம்மா இருந்தார். மலாக்காச் செட்டி வீடு. சாமி நம் சாமி, பேச்சு மலாய், கட்டுவது சாரோங் கெபாயா. நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன், அக்கா என்பதற்கு மலாயில் அப்படித்தான். அவர் வீட்டில் பரம்பரை பரம்பரையாக வந்த நாற்காலி ஒன்று இருந்தது. கறுப்பு மரம், முதுகில் பூவும் கொடியும் செதுக்கியது. கேட்கக் கூச்சமாக இருந்தது. காக்காவே புரிந்துகொண்டு, "ஜாங்கான் மாலு, வெட்கப்படாதே" என்று சொல்லி, தன் மகனிடம் நாற்காலியைத் தூக்கி வரச் சொன்னார். கூடவே பூப்போட்ட பீங்கான் கோப்பை இரண்டும், ஒரு தட்டு நிறைய அவர் கையால் செய்த குவே பலகாரமும் வந்தன.

என் வீட்டுக்காரருக்கு முகம் வழித்துவிட்டேன். வெளுத்த வேட்டி, சட்டை. முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். செத்த காலை மடக்கி மேலே துண்டைப் போட்டேன்.

"மாப்பிள்ளை பார்க்கவா வர்றாங்க?" என்றார்.

"வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இருங்க."

"பொண்ணு நல்லா இருந்தா கட்டிக்கிறேன் புள்ள. நடந்து மட்டும் போக முடியாதுன்னு சொல்லிடு."

ஐயா சைக்கிளில் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, தமிழ் ஆள். கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். கோப்பி குடித்தார், காக்காவின் குவேயில் இரண்டு சாப்பிட்டார், மூன்றாவதையும் எடுத்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. யார் செஞ்சது?" என்றார். நான் சிரித்துவைத்தேன். அவரோடு என் வீட்டுக்காரர் தொங்கானைப் பற்றி, பெரிய அலையைப் பற்றி, படகில் பாம்பு வந்த கதையைப் பற்றி எல்லாம் பேசினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். விழுந்த பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். ஐயா போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார். வாசல் வரை போய் வழியனுப்பினேன். மனசு நிறைந்திருந்தது. வந்தவரை ஒரு குறையும் இல்லாமல் அனுப்பிவிட்டோம் என்று.

அடுத்த மாதம் பணம் வாங்கப் போனேன். கிராணி அட்டையைப் புரட்டினான். "உங்களுக்கு நிறுத்தியாச்சும்மா" என்றான்.

"எதுக்கு?"

"வீட்டுல நல்ல நாற்காலி இருக்காம், பீங்கான் சாமான் இருக்காம். விருந்தாளிக்குப் பலகாரம் செய்யற அளவுக்கு வசதியாம். வீட்டுக்காரரும் தெம்பா உட்கார்ந்து பேசறாராம். ஐயா எழுதியிருக்காரு."

"அது இரவல் நாற்காலி தம்பி!"

"இரவல்னு நீங்க சொன்னீங்களா?"

"வந்தவர உட்கார வெச்சிட்டு, இது இரவல் நாற்காலின்னு எவளாவது சொல்லுவாளா? உங்க வீட்டுல சொல்லுவாங்களா?"

பின்னால் வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அந்த ஐயா உள்ளே மேசையில்தான் இருந்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு என்னைத் தெரிந்தது. எழுந்து வரவில்லை. மூன்று குவே தின்ற மனிதர், இரண்டடி தள்ளி நின்ற என்னிடம் வந்து என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிராணி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "மனு எழுதித் தரேன், கைநாட்டு வெச்சிட்டுப் போங்க. மறுபடி வருவாங்க. அப்ப இந்த மாதிரியெல்லாம் பண்ணாதீங்கம்மா. உங்க வீட்ட வீடு மாதிரி வெச்சிருக்காதீங்க."

அந்தப் பேச்சை நான் எத்தனையோ ராத்திரி திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறேன். நல்லது சொல்வதாகத்தான் சொன்னான். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

மறுபடி வர நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதம் எப்படிப் போனது என்று இங்கே விரித்து எழுதச் சொல்லமாட்டேன். என் காதுத்தோடு போனது. தாலியில் இருந்த பொன் போனது. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டேன். பெரியவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாமல் இருக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம். அதற்காக நானும் அவரும் ஒருவேளைதான் சாப்பிட்டோம். ஊரெல்லாம் மெர்டேக்கா என்று கொடி கட்டினார்கள். பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து கத்தினார்கள். அவர் பாயில் படுத்தபடியே, "நமக்கும் உண்டாடா?" என்று கேட்டார். பிள்ளைகள், "எல்லாருக்கும் உண்டுப்பா" என்றார்கள்.

ஐயா வருகிறார் என்று மறுபடியும் தகவல் வந்தது.

இந்தத் தடவை நான் வீட்டைப் பிரித்தேன். ஜன்னலில் பழைய சேலையில் தைத்த திரை ஒன்று தொங்கியது, அதைக் கழற்றினேன். சுவரில் இருந்த கண்ணாடி, எங்கள் கல்யாணப் படம், பித்தளைச் சொம்பு எல்லாம் காக்கா வீட்டுக்குப் போயின. அம்மியைக்கூட அவர் மகன்தான் உருட்டிக்கொண்டு போனான். காக்கா எல்லாவற்றையும் வாங்கி உள்ளே வைத்தார். அன்றைக்கு நாற்காலி கொடுத்ததால்தான் இத்தனையும் என்று அவருக்கு உறுத்தல். கண் கலங்கினார். நான், "நீங்க குடுத்தது தப்பில்ல காக்கா, அவன் பார்த்ததுதான் தப்பு" என்றேன்.

பிள்ளைகளைக் குளிக்க வேண்டாம் என்றேன். அவர்களுக்குத் திருவிழா. கடைசிப் பெண் அடுப்பிலிருந்து கரியை எடுத்து முகமெல்லாம் பூசிக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி இது?"

"ரெண்டு வெள்ளி கூடக் கிடைக்கும்மா."

சிரித்துவிட்டேன். அப்புறம் அவளை இழுத்து ஓர் அடி வைத்தேன். பிறகு நானே கழுவிவிட்டேன். கரி மட்டும் வேண்டாம் என்று தோன்றியது.

அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். வழிக்காத தாடி. "நாடகக் கொட்டகை மாதிரி இருக்கு" என்றார். "எனக்கு என்ன வேஷம்?"

"நீங்க படுத்திருங்க, அது போதும். பேசாதீங்க. பாம்புக் கதையெல்லாம் வேண்டாம்."

"வர்ற ஆளுக்கு என்ன குடுக்கப் போற?"

"ஒண்ணும் குடுக்கப் போறதில்ல."

"தண்ணியாச்சும்?"

"தண்ணியும் இல்ல."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அதே ஐயா மத்தியான வெயிலில் வந்தார். சைக்கிள் பஞ்சராகிவிட்டதாம், பாதி வழி தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உட்கார இடம் தேடினார். நான் முக்காலியைக்கூட நகர்த்தவில்லை. நின்றபடியே சுற்றிப் பார்த்தார். அரிசித் தகரத்தைத் திறந்து பார்த்தார். என் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார். சமையல் கட்டுக்குள் போய்ப் பானை மூடியைத் தூக்கிப் பார்த்தார். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. பிற ஆண்பிள்ளை ஒருவன் என் அடுப்படிக்குள் நுழைந்து பானையைத் திறக்கிறான். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வெளியே வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்றார்.

தண்ணீர்ப் பானை என் காலடியில்தான் இருந்தது. பெண்பிள்ளைகள் தெருக்குழாயிலிருந்து காலையில்தான் சுமந்து கொட்டியிருந்தார்கள். ஈரத்துணி சுற்றி வைத்திருந்தேன், ஐஸ் மாதிரி இருக்கும். என் கை தானாகவே குவளைக்குப் போனது. அதை நான் பிடித்து நிறுத்தினேன். தண்ணீர் கொடுத்தால் அதற்கும் ஏதாவது எழுதுவார் என்று நினைத்தேன். குளிர்ந்த தண்ணீர் வைத்திருக்கிறாள், வசதிதான் என்று.

"குழாய் தெருக்கோடியில இருக்குங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள." பாயிலிருந்து அவர் கூப்பிட்டார். "தண்ணி குடு அவருக்கு."

நான் அசையவில்லை.

"வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணி குடுன்னு சொல்றேன்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் பாயிலிருந்து கீழே உருண்டார். இரண்டு முழங்கையையும் தரையில் ஊன்றி, அந்தச் செத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, பலகைத் தரையில் நகர்ந்து வந்தார். வேட்டி அவிழ்ந்துவிட்டது. முதுகுப் புண் தெரிந்தது. பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவன் தூக்க ஓடினான். "கிட்ட வராத" என்று அதட்டினார். பானை வரை வந்தார். குவளையில் மொண்டார். பாதி சிந்தியது. மிச்சத்தைத் தரையிலிருந்து மேலே நீட்டி, "குடிங்கய்யா. எங்க வீட்டுல தண்ணி இருக்கு" என்றார்.

ஐயா குனிந்து வாங்கினார். குடித்தார். குவளையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பென்சிலை எடுத்து எழுதினார். என் வீட்டுக்காரர் தரையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறார், இவர் நின்றபடி எழுதுகிறார்.

இந்தத் தடவை நான் வாசல் வரை போகவில்லை.

பணம் மறுபடி வந்தது. அதே இருபது வெள்ளி. நிறுத்தின மாதங்களுக்குக் கிடையாது என்றான் கிராணி. வாங்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் நோட்டைத் தொடவில்லை. பார்த்தார்.

"ஒரு குவளைத் தண்ணிக்கு இவ்வளவு கூலி எனக்கு யாரும் குடுத்ததில்ல" என்றார்.

அவர் வேடிக்கைக்குச் சொல்கிறாரா, என்னைக் குத்துகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் போய் அரிசி வாங்கினேன்.

நான் தண்ணீர் கொடுக்காதது தப்பு என்று என் மருமகள்களில் ஒருத்தி ஒரு தடவை சொன்னாள். என்ன இருந்தாலும் தண்ணீர் அல்லவா என்றாள். அவளுக்கு நான் சொன்னேன்: கோப்பியும் குவேயும் கொடுத்தேன், அதற்கு என் பிள்ளைகளுக்கு நான்கு மாதம் பட்டினி கிடைத்தது. தண்ணீர் கொடுக்காமல் நின்றேன், சோறு கிடைத்தது. தப்பு யார் பக்கம் என்று நீயே சொல். பசி இருக்கிறதா என்று பார்க்க வந்தவன் பிள்ளைகளின் கையைப் பார்த்தால் போதும், விலா எலும்பைப் பார்த்தால் போதும். அவன் நாற்காலியைப் பார்த்தான். கால் விழுந்தவனுக்குக் கால் விழுந்தது என்று தெரிய, அவன் பெற்ற பிள்ளைகளுக்கு எதிரே புழுவாக நெளிந்து காட்ட வேண்டியிருந்தது. இதற்குப் பெயர் உதவியாம்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது வந்தார்கள். வேறு வேறு ஐயாக்கள். எப்போது வருவார்கள் என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அதனால் வீடு எப்போதும் மொட்டையாகவே இருந்தது. திரையை மறுபடி மாட்டவே இல்லை. கல்யாணப் படம் காக்கா வீட்டுப் பெட்டியில் கிடந்தது. அம்மி அவர் சமையல் கட்டில்தான். நான் தினமும் அங்கே போய் அரைத்தேன். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி வாங்கினால் ஒரு நாள் போட்டுவிட்டு மடித்து மறைத்தோம். பெரிய பெண் சடங்கானபோது வாசலில் தோரணம் கட்ட எனக்குப் பயம். சொந்த வீட்டில் நல்லது நடந்தால் யாராவது எழுதிவிடுவார்களோ என்று பயந்துகொண்டு எத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். அந்தப் பயத்தை யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்?

அவருக்கும் எனக்கும் பேச்சு நிற்கவில்லை. ஆனால் அவர் பாம்புக் கதை சொல்வதை விட்டுவிட்டார். யார் வந்தாலும் கண்ணை மூடிக்கொள்வார். காக்கா வந்தால் மட்டும் திறப்பார்.

பெரியவன் படிப்பை முடித்து ஒரு கம்பெனியில் சேர்ந்தான். முதல் சம்பளம் வாங்கிய மாதமே உதவிப்பணத்தை நிறுத்தினார்கள். அவ்வளவு வேகமாக அவர்கள் செய்த ஒரே வேலை அதுதான். அந்த ஐயா நிறுத்தின செய்தியைச் சொல்ல வீட்டுக்கே வந்தார், முதலில் வந்த அதே ஆள். தலை நரைத்திருந்தது. "இனிமே கவலை இல்லம்மா, பையன் தலையெடுத்துட்டான்" என்று வாசலில் நின்று சிரித்தார். அவருக்கு நல்ல மனசாம்.

உள்ளே என் வீட்டுக்காரர் கண்ணை மூடாமல் படுத்திருந்தார். "யாரு புள்ள?" என்றார்.

"வீட்டப் பார்க்க வர்றவரு."

"பார்த்தாச்சில்ல? போகச் சொல்லு."

சொன்னேன். "பார்த்தது போதும், போங்க" என்று அந்த ஐயாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். என் வாழ்க்கையில் வீட்டு வாசலில் நின்ற ஒருவரை நான் போகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். சொன்னபோது எனக்கு நன்றாக இருந்தது, இப்போது சொல்லும்போதும் நன்றாக இருக்கிறது. அவர் போனார். உள்ளே திரும்பினால் என் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். பெரியவன் சம்பளத்தில் சாப்பிட்டு, அவன் வாங்கிக் கொடுத்த மெத்தையில் படுத்துத்தான் கண்ணை மூடினார்.

போதும். பேனாவைக் கீழே வை அம்மாடி, கை வலிக்கும். எழுதின வரைக்கும் எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி. நீ படித்த பிள்ளை, அந்த ஐயாவைப் பற்றிச் சொன்ன இடத்தில் மரியாதைக்காக ஏதாவது மெத்தென்று மாற்றிப் போட்டிருப்பாய். அப்படி இருந்தால் அதை அடித்துவிட்டு, நான் சொன்னபடியே எழுது. ம், தலைப்பிலிருந்து வாசி.